யாரை ‘பாஸ்’ என்பது?



சில வாரங்களுக்கு முன் எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ‘வேலையிடத்தில் மரியாதை’ என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தோம். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். லோரி ஓட்டுநர். மைக்கைக் கையில் வாங்கியதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார்.

“என் முதலாளி நம்ம பையன்தாம்மா. அவங்க அப்பா காலத்துல இருந்து அங்கதான் ஓட்டுறேன். சின்ன வயசுல அவனை லோரியில முன்னால உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கேன். அப்பா தவறின பிறகு இப்ப அவன்தான் கம்பெனிய பாக்குறான். போன மாசம் கூப்பிட்டு, ‘அங்கிள், இனிமே தம்பின்னு கூப்பிடாதீங்க, எல்லார் முன்னாலயும் பாஸ்னு கூப்பிடுங்க’ன்னு சொல்லிட்டான். சொல்லுங்க, இது சரியா?”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “ஐயா, அது வெறும் இங்கிலீஷ் வார்த்தைதானே. ஆபீஸ்ல எல்லாரும் சொல்றதுதான். பெருசா எடுத்துக்காதீங்க” என்றேன். அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள். பெரியவர் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விளம்பர இடைவேளை வந்தது. இடைவேளை முடிந்து வேறு கேள்விக்குப் போய்விட்டோம்.

வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போது அந்த “சரிம்மா” என் காதை விட்டுப் போகவில்லை. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடமே, தெரியாததைத் தெரிந்ததுபோல் மைக்கில் சொல்லாதே என்பதுதான். நான் சொன்னது சரிதானா என்று அகராதியைத் திறந்தேன். சரியில்லை. அது பிறப்பால் இங்கிலீஷ் வார்த்தை அல்ல. ‘வெறும்’ வார்த்தையும் அல்ல. பெரியவர் கேட்ட அதே கேள்விக்காக, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதற்காகவே, ஒரு நாட்டின் வேலைக்காரர்கள் இந்தச் சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

‘பாஸ்’ ஒரு டச்சுச் சொல். டச்சுக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். மலாக்காவுக்குச் சுற்றுலா போனவர்கள் எல்லாரும் அந்தச் சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். அது 1824 ஒப்பந்தத்தில் முழுமையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. தமிழ்நாட்டுக் கரையிலும் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். போகும்போது சில சொற்களை விட்டுவிட்டுப் போனார்கள். நாம் காசைத் ‘துட்டு’ என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் செப்புக் காசான ‘டைட்’ என்பதிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் சொல்லும் ‘டூயிட்’டும் அதே காசுதான். ‘கக்கூஸ்’கூட டச்சிலிருந்து வந்ததுதான். சாப்பிடும்போது இதைப் படித்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

டச்சு மொழியில் அந்தச் சொல்லை ‘பாஸ்’ என்று நீட்டித்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் வாயைக் குவித்துச் சொல்வதைவிட நாம் தமிழில் எழுதும் ‘பாஸ்’ மூலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் சொல்லாராய்ச்சி அறிஞர்களுக்கு இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பழைய ஜெர்மன் மொழியில் அத்தையைக் குறித்த ஒரு சொல்லோடு சிலர் இதை உறவுபடுத்துகிறார்கள். அது உண்மையானால் முதலில் இது ஒரு குடும்பச் சொல்லாக இருந்து, பிறகு வீட்டுத் தலைவர், பட்டறைத் தலைவர் என்று மாறியிருக்க வேண்டும். பெரியவரின் ‘தம்பி’க்கும் அந்தப் பையனின் ‘பாஸு’க்கும் அடியில் ஒரு பழைய உறவு ஓடுகிறதோ என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஊகத்தை ஊகமாகவே விட்டுவிடுவோம். (ஆங்கிலத்தில் கேடயத்தின் நடுவில் இருக்கும் குமிழுக்கும் இதே எழுத்துக்களில் ஒரு சொல் உண்டு. அது பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

டச்சுக்காரர்களிடம் ‘பாஸ்’ என்பவர் யார்? தொழில் தெரிந்தவர். தச்சுப் பட்டறையில் மற்றவர்களுக்கு வேலை சொல்பவர், கொத்து வேலையில் கூட்டத்தை நடத்துபவர், கப்பலில் தலைவர். வேலையை வாங்குபவர் என்பதோடு வேலையை அறிந்தவர் என்ற பொருளும் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் எட்டிப் பார்க்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்றும் இதே பொருளில்தான் வருகிறது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த ஜான் வின்த்ரோப் தமது நாட்குறிப்பில், 1635இல் கப்பலில் வந்திறங்கிய லயன் கார்டினர் என்பவரைப் பற்றி எழுதுகிறார். கார்டினர் ஓர் ஆங்கிலேயர். ஆனால் டச்சு இளவரசரின் படையில் கோட்டை கட்டும் பொறியாளராகப் பணியாற்றியவர். டச்சுப் பெண்ணைத் திருமணம் செய்தவர். கனெக்டிகட் ஆற்றின் முகத்துவாரத்தில் கோட்டை கட்ட வந்த அவரை, டச்சுக்காரர்கள் சொல்வதுபோலவே ‘வேலைக்கு பாஸ்’ என்று வின்த்ரோப் குறிப்பிடுகிறார். எழுத்துக்கூட்டல்கூட அப்போது ஒழுங்காகவில்லை.

ஆனால் இந்தச் சொல் அமெரிக்காவில் ஊன்றியதற்கு கார்டினர் காரணம் அல்ல. நியூயார்க் காரணம்.

1609இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் ஹென்றி ஹட்சன் இன்றைய நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழைந்தார். 1624 முதல் டச்சுக் குடியேறிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். 1626இல் 60 கில்டர் மதிப்புள்ள பொருள்களைப் பூர்வகுடியினரிடம் கொடுத்து மன்ஹாட்டன் தீவை ‘வாங்கினார்கள்’. விற்றவர்கள் அதை விற்பனை என்று புரிந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி. ஊருக்குப் பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து பீரங்கியைக் காட்டின. சண்டையில்லாமல் ஊர் கைமாறியது. நியூ ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் ஆனது.

இதில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1667இல் பிரேடா என்ற டச்சு நகரில் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆங்கிலேயருக்கு மன்ஹாட்டன் போயிற்று. டச்சுக்காரர்களிடம் இருந்தவற்றில் ஒன்று, இந்தோனேசியாவின் பண்டா தீவுக்கூட்டத்தில் இருக்கும் ‘ருன்’ என்ற சின்னஞ்சிறு தீவு. ஆங்கிலேயர் வெகுகாலமாக உரிமை கொண்டாடிவந்த தீவு அது. ஏன் அதற்கு அவ்வளவு போட்டி? சாதிக்காய்! அன்றைக்கு உலகத்தில் சாதிக்காய் விளைந்த இடம் பண்டா தீவுகள்தான். நியூயார்க்கைக் கொடுத்துச் சாதிக்காயை வாங்கியவர்கள் என்று டச்சுக்காரர்களை இன்று கேலி செய்கிறார்கள். அன்றைய சந்தை விலைப்படி அவர்கள் ஏமாளிகள் அல்லர்.

கொடி மாறினாலும் நியூயார்க் மக்களின் பேச்சு உடனே மாறிவிடவில்லை. ஹட்சன் ஆற்றங்கரை கிராமங்களில் இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் டச்சு மொழி பேசப்பட்டது. 1837 முதல் 1841 வரை அமெரிக்க அதிபராக இருந்த மார்ட்டின் வான் பியூரனுக்குத் தாய்மொழியே டச்சுதான். ஆங்கிலம் அவர் பிறகு கற்றது. நாம் கடையில் வாங்கும் ‘குக்கி’, கோழி பொரியலோடு வரும் ‘கோல்ஸ்லோ’, கிறிஸ்துமஸ் தாத்தா ‘சாண்டா கிளாஸ்’ எல்லாம் அந்த வாய்களில் இருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த டச்சுச் சரக்குகள். அந்த வரிசையில்தான் ‘பாஸ்’ வந்தார்.

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. குக்கி வந்தது நியாயம். அந்தப் பலகாரம் புதியது, அதற்குப் பெயர் வேண்டும். ஆனால் முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஏற்கனவே ஒரு நல்ல சொல் இருந்ததே! ‘மாஸ்டர்’. இங்கிலாந்தில் பட்டறைத் தொழிலாளி முதல் சமையல்காரி வரை தம் முதலாளியை அப்படித்தான் அழைத்தார்கள். பிறகு எதற்கு ஒரு டச்சுச் சொல்?

காரணம், அமெரிக்காவில் ‘மாஸ்டர்’ என்ற சொல் இன்னோர் இடத்தில் பயன்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் தம்மை விலைக்கு வாங்கியவனை ‘மாஸ்டர்’ என்று அழைத்தார்கள். 1776இல் சுதந்திரப் பிரகடனம் வந்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அதில் எழுதிவைத்தார்கள். அதை நம்பிய வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு, சம்பளம் கொடுப்பவரை ‘மாஸ்டர்’ என்று அழைக்க வாய் வரவில்லை. அப்படி அழைத்தால் தானும் அடிமை என்று ஆகிவிடுமே! அவர் தேடிய சொல் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தது. டச்சுக்காரர்கள் ‘பாஸ்’ என்கிறார்கள். அந்தச் சொல்லில் ஆங்கிலக் காதுக்கு எந்தப் பழைய அவமானமும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

அதே போல, ‘வேலைக்காரி’ என்ற சொல்லையும் தூக்கிப் போட்டார்கள். வீட்டு வேலை செய்பவர் தம்மை ‘உதவி’ என்று சொல்லிக்கொண்டார். சார்ல்ஸ் வில்லியம் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1807இல் ஒரு புத்தகம் எழுதினார். தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வேலைக்காரப் பெண் திறக்கிறாள். உன் மாஸ்டர் இருக்கிறாரா என்று கேட்கிறார். எனக்கு மாஸ்டர் யாரும் கிடையாது என்கிறாள் அந்தப் பெண். அப்படியானால் நீ யார் என்று கேட்டதற்கு, நான் இந்த வீட்டுக்காரரின் உதவி, வேலைக்காரி இல்லை, அடிமைகளான கறுப்பர்கள்தான் வேலைக்காரர்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறாள். 1832இல் புத்தகம் வெளியிட்ட பிரான்சிஸ் டிரோலப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் இதே புகாரைப் பாடியிருக்கிறார். அங்கே போய் ‘வேலைக்காரி’ என்று சொன்னால் ராஜதுரோகம் செய்ததுபோல் பார்க்கிறார்களாம்!

அந்த வேலைக்காரப் பெண்ணின் பதிலை முதலில் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது கை பாதியில் நின்றது. கடைசிப் பகுதியைப் பாருங்கள். தன் தன்மானத்தை நிறுத்த அவள் ஏறி நின்றது இன்னொருவரின் தோள்மீது. ‘மாஸ்டர்’ என்ற சொல் ஒழிய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அது எனக்கு வேண்டாம், அவர்களுக்கு இருக்கட்டும் என்றாள். டேவிட் ரோடிகர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1991இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அந்தக் காலத்திலேயே இந்தப் பெயர்மாற்றத்தைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவர் உண்டு. நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். 1838இல் வெளியான ‘அமெரிக்க ஜனநாயகவாதி’ என்ற நூலில் அவர் ஒரு ஊசி ஏற்றுகிறார்: மாஸ்டர் என்று சொல்ல வெட்கப்பட்டு பாஸ் என்கிறீர்களே, டச்சு மொழியில் அதற்குப் பொருளே மாஸ்டர்தானே என்பது அவர் வாதம். கூப்பர் வசதியான நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குச் சிரிப்பு வந்ததில் வியப்பில்லை. அகராதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் ஒரு தொழிலாளி சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அகராதியையா பார்ப்பான்? தன் அப்பனை எந்தச் சொல்லால் குனியவைத்தார்கள் என்பதைத்தான் பார்ப்பான்.

சொல் ஒருமுறை ஊன்றிவிட்டால் அது யார் பேச்சையும் கேட்காது. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் அதே தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்தபோது, வெள்ளைக்காரனை ‘பாஸ்’ என்று அழைத்தார்கள். மாஸ்டரிடமிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த சொல், மாஸ்டரின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. தெற்கு மாநிலச் சிறைகளில் கைதிகள் காவலர்களை அப்படித்தான் அழைக்க வேண்டியிருந்தது.

அரசியலிலும் நுழைந்தது. நியூயார்க்கை 1860களில் ஆட்டிவைத்த வில்லியம் டுவீட் என்பவரை ‘பாஸ் டுவீட்’ என்றே சரித்திரம் அழைக்கிறது. பதவி கொடுப்பது, ஓட்டு வாங்குவது, கட்டட ஒப்பந்தத்தில் கொள்ளையடிப்பது எல்லாம் அவர் கையில். தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அவரைக் கேலிச்சித்திரத்தால் துளைத்தார். சிறைக்குப் போன டுவீட் 1875இல் தப்பி ஓடினார். மறு ஆண்டு ஸ்பெயினில் பிடிபட்டார். அவரை அங்கே அடையாளம் காட்டியது நாஸ்ட் வரைந்த சித்திரம்தான்! 1878இல் சிறையிலேயே இறந்தார். அன்றிலிருந்து அமெரிக்க அரசியலில் ‘பாஸ்’ என்றால் நல்ல பெயர் இல்லை. நம் நாட்டில் 2018 தேர்தலில் தோற்ற முன்னாள் பிரதமர் நஜிப், அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிளில் ‘போஸ்கு’ என்று வலம் வந்தபோது அந்தச் சொல்லுக்கு வேறொரு நிறம் வந்ததை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரம் செய்யும் ஆண் ‘பாஸ்’. அதிகாரம் செய்யும் பெண்ணுக்கோ ‘பாஸி’ என்று ஒரு வால் சேர்த்துவிடுவார்கள். படப்பிடிப்புத் தளத்தில் எனக்கே இந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்பது இருக்கட்டும்.

அமெரிக்கக் கதை இப்படி. டச்சுக்காரர்கள் போன மற்ற இடங்களில் அதே சொல் என்ன ஆயிற்று? இரண்டு இடங்களை மட்டும் பார்ப்போம். இரண்டிலும் தமிழர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று இலங்கை. 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம் என்று டச்சுக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து, 1796 வரை கரையோரப் பகுதிகளை ஆண்டார்கள். இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும், பீன்ஸைப் ‘போஞ்சி’ என்பதும் அந்தக் காலத்து மிச்சம். கூடவே ‘பாஸ்’ என்ற சொல்லும் தங்கிவிட்டது. ஆனால் அங்கே பாஸ் என்பவர் முதலாளி அல்லர். சிங்களத்தில் கொத்தனாரையும் தச்சரையும் மரியாதையாக ‘பாஸ்’ என்று அழைக்கிறார்கள். சுவர் கட்ட வருபவர், கதவு செய்து தருபவர், கையில் தொழில் வைத்திருக்கிற மனிதர், அவர்தான் அங்கே பாஸ். கார்டினரின் கப்பலோடு வந்த அந்தப் பழைய பொருள், தொழில் தெரிந்தவர் என்ற பொருள், இந்தியப் பெருங்கடலின் ஒரு தீவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்றது தென்னாப்பிரிக்கா. 1652இல் டச்சுக் கம்பெனி அங்கே கால் வைத்தது. 1860 நவம்பரில் மதராசிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அங்கே டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘பாஸ்’ என்பது கறுப்பர் வெள்ளையரை அழைக்க வேண்டிய சொல். வேலை கொடுத்தவரோ இல்லையோ, வெள்ளையராக இருந்தால் பாஸ். அவர் வீட்டுச் சிறுவனுக்குக் ‘கிளைன்பாஸ்’, அதாவது சின்ன எஜமான் என்று பெயர். அந்தச் சிறுவனின் தாத்தா வயதிலிருக்கும் கறுப்பர் அவனை அப்படி அழைத்தார். அந்தக் கறுப்பரையோ, நரைத்த தலையோடு நின்றாலும், ‘பையா’ என்றே கூப்பிட்டார்கள். 1948 முதல் 1994 வரை நடந்த நிறவெறி ஆட்சியில் இது அரசியல் கொள்கையாகவே இருந்தது. 1954 முதல் 1958 வரை பிரதமராக இருந்த ஸ்டிரைடம், ‘பாஸ்ஸ்காப்’, அதாவது வெள்ளையர் எஜமானர்களாக இருப்பது என்பதை ஒளிக்காமல் பேசியவர். 1969இல் அந்த அரசு ஓர் உளவுத்துறையை அமைத்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதும் அதே ‘பாஸ்’தான்!

கிளைன்பாஸ் என்ற சொல்லைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். லோரிக்காரப் பெரியவர் கேட்டது நினைவுக்கு வந்தது. அவருடைய முதலாளிப் பையன் நிறவெறியன் அல்லன். பாவம், வங்கிக்காரர்கள் முன்னால் கொஞ்சம் கெத்தாக இருக்க நினைத்திருப்பான். ஆனால் தூக்கி வளர்த்த கைக்கு அந்தச் சொல் எப்படிக் கனத்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். நம் தோட்டப்புறத்தில் ‘பாஸ்’ இருந்ததில்லை. பெரிய துரை, சின்ன துரை, கிராணி, கங்காணி, மண்டோர் என்று ஒரு படிக்கட்டே இருந்தது. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அப்பா சைக்கிளில் போகும் வழியில் துரையின் கார் வந்தால் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாராம். கார் போன பிறகு செம்மண் புழுதியைத் துடைத்துக்கொண்டு ஏறுவாராம். தாத்தா இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பு சின்ன வயதில் புரிந்ததில்லை.

அந்த வழக்கத்தை எதிர்த்து நம் ஆட்கள் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள் என்பதைப் பள்ளிப் பாடத்தில் நான் படித்ததாக நினைவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச்.நாதன் முன்னின்று வழிநடத்தினார். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, தோட்டங்களில் கள்ளுக்கடையை மூடுதல், நல்ல மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி என்று கோரிக்கைகள் நீண்டன. அந்தப் பட்டியலில் ஒன்று: துரைமாருக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கோரிக்கை! மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். ராணுவத்தை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அமெரிக்க வேலைக்காரி கதவருகில் நின்று சொன்னதையே கிள்ளான் தொழிலாளி சாலையோரத்தில் நின்று கேட்டார். ஒரு வேறுபாடு, இவர் எவர் தோள்மீதும் ஏறி நிற்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது துரை போனார். கடைகளில் ‘தவுக்கே’ இருந்தார். அலுவலகங்களில் ‘பாஸ்’ வந்தார். பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. எப்போது, எந்தக் கடையில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மாமாக் உணவகத்தில் உட்கார்ந்தவர் கையைத் தூக்கி, “பாஸ், தே தாரிக் சத்து!” என்கிறார். தே கொண்டுவரும் ஊழியரும், “பாஸ், மாக்கான்?” என்று திருப்பிக் கேட்கிறார். சாப்பிடுபவரும் பாஸ், பரிமாறுபவரும் பாஸ். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் இது பொது. அண்ணன் என்றால் தமிழ், அபாங் என்றால் மலாய். வயது தெரியாது, இனம் தெரியாது, பெயர் தெரியாது. பாஸ் என்றால் யாருக்கும் வலிக்காது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருக்கும் இராமநாதபுரத்துத் தம்பியை ஒரு கோடீஸ்வரர் ‘பாஸ்’ என்று அழைப்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பிக்கு அந்த மாதச் சம்பளம் சரியாக வந்ததா என்பதையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தச் சொல் இப்படி இளகித்தான் கிடக்கிறது. 2007இல் ரஜினியின் ‘சிவாஜி’ படத்துக்கு ‘தி பாஸ்’ என்று வால் வைத்தார்கள். 2010இல் வந்த ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ படத்தின் நாயகனோ வேலைவெட்டி இல்லாதவன்!

தொலைக்காட்சிக்காரி என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1999இல் நெதர்லாந்து தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு வீட்டில் ஆட்களை அடைத்து, இரவும் பகலும் கேமராவில் காட்டினார்கள். ஜார்ஜ் ஆர்வெலின் நாவலில் இருந்து எடுத்து அதற்கு ‘பிக் பிரதர்’ என்று ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். அது இந்தியாவுக்கு வந்தபோது, 2006இல் இந்தியிலும் 2017இல் தமிழிலும், ‘பிரதர்’ போய் ‘பாஸ்’ வந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் நிகழ்ச்சிக்கு ஆங்கிலப் பெயர் வைக்க, நாம் அதை மாற்றி டச்சுப் பெயர் வைத்திருக்கிறோம். அண்ணனை எடுத்துவிட்டு எஜமானை வைத்த இடம் அது. ‘தம்பி’யை எடுத்துவிட்டு ‘பாஸ்’ வைக்கச் சொன்ன பையன் இதைப் பார்த்து வளர்ந்தவனாகக்கூட இருக்கலாம்.

போன வாரம் எங்கள் நிகழ்ச்சிக் குழுவினரிடம் பெரியவரின் தொலைபேசி எண்ணை வாங்கி அழைத்தேன். அன்று அவசரப்பட்டுப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அட, அதை நான் அன்னைக்கே மறந்துட்டேன்மா” என்றார். மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. நான் தேடிப் படித்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். நியூயார்க், சாதிக்காய் எல்லாவற்றுக்கும் “ஓ, அப்படியா” என்று கேட்டுக்கொண்டார். இலங்கைப் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“யாரை? கொத்தனாரையா?”

“ஆமாங்கய்யா. தச்சரையும்தான்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் லோரி இஞ்சின் சத்தம் கேட்டது. யாரோ மலாயில் சரக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அதை மட்டும் வாட்சப்ல எழுதி அனுப்பும்மா. பையனுக்குக் காட்டணும்” என்றார். பிறகு, ஏற்றிய சரக்கு போதாது, ஈப்போவுக்குள் மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.